திங்கட்கிழமைச் சளி

பொன்னுத்தங்கம் பட்டாசுக் கம்பெனியை விட்டு வெளியே வந்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். அது தெரியாவிட்டால் அவள் பள்ளிக்கூடத்தில் செய்த எதுவும் உங்களுக்கு விளங்காது.

நாரணாபுரம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் பதினாறு வருஷம் சரவெடி பின்னியவள் அவள். இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் சித்திரை மாதம். ஆர்டர் குவிந்து கிடந்த நேரத்தில், போர்மேன் அவளுடைய அறை வாசலில் அட்டைப்பெட்டிகளை ஆளுயரத்துக்கு அடுக்கி வைத்துவிட்டார். பட்டாசு அறைக்கு நாலு பக்கமும் வாசல் வைத்திருப்பது காற்று வாங்குவதற்கு அல்ல, தீப்பிடித்தால் ஓடுவதற்கு. வாசலை அடைக்கக் கூடாது என்பது அந்தப் பக்கத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். எடுங்கள் என்றாள். பத்து நிமிஷத்தில் லோடு வண்டி வந்துவிடும் என்றார். வெடிக்கிறதுக்கு அம்புட்டு நேரம் ஆகாதே என்று கேட்டுவிட்டு, முதல் பெட்டியை அவளே காலால் தள்ளினாள். பெரிய பேச்சாகிவிட்டது. முந்தானையை உதறிக்கொண்டு வெளியே நடந்தவள் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஆனியில் ஆமத்தூருக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை கிடைத்தது. சாதாரண ஆயா வேலை இல்லை. நடக்கவோ உட்காரவோ முடியாத, கடுமையான ஊனமுள்ள பிள்ளைகள் ஆறு பேருக்கு அங்கே ஒரு தனி அறை ஒதுக்கியிருந்தார்கள். ஊட்ட வேண்டும், துணி மாற்ற வேண்டும், வலிப்பு வந்தால் பக்கவாட்டில் புரட்டிப் போட்டு மணி பார்க்க வேண்டும். இதற்கு முன்னால் இரண்டு பேர் வேலைக்குச் சேர்ந்து, ஆளுக்கு ஒரு மாதம் தாக்குப்பிடித்து ஓடியிருந்தார்கள். தலைமையாசிரியர் புகழேந்தி சார் அவளை அறைக்குள் கூட்டிக்கொண்டுபோய்த் தயங்கித் தயங்கி வேலையை விவரித்தார். அவள் பிள்ளைகளைப் பார்ப்பதற்கு முன் கதவைப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் ஒரு பழைய பீரோ நின்றது. பாதிக் கதவுதான் திறக்கும்.

"சார், தூக்கிட்டு ஓடவேண்டிய புள்ளைகள வச்சிருக்கீக, வாசல அடச்சு வச்சிருக்கீகளே" என்றாள். வேலையில் சேர்ந்து பத்து நிமிஷம் ஆகவில்லை. பீரோ அன்று மதியமே வராந்தாவுக்குப் போய்விட்டது.

அந்த ஆறு பேரில் ஒருத்திதான் இசைவாணி. வயது எட்டு, எடை பத்து கிலோ எண்ணூறு. கழுத்து நிற்காது, கை கால் விறைத்திருக்கும், பேச்சு இல்லை. சிரிப்பு மட்டும் உண்டு. அதுவும் யாராவது தும்மினால்தான். இந்த ரகசியத்தைக் கண்டுபிடித்த பொன்னுத்தங்கம் மூன்று நாள் பொய்த்தும்மல் தும்மித் தும்மித் தொண்டையைக் கட்டிக்கொண்டாள்.

இசைவாணியுடைய அம்மா வீரலட்சுமி வேறொரு கம்பெனியில் மத்தாப்புக்கு மருந்து கலக்குகிறவள். அப்பா லாரி டிரைவர். வடக்கே போனால் வருவதற்கு மாதமாகும். பள்ளிக்கூடம் வருவதற்கு முன்பெல்லாம், காலையில் கம்பெனி வண்டி வந்ததும் பிள்ளையைப் பழைய சேலையால் கட்டிலோடு சேர்த்துக் கட்டிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு போவாள் வீரலட்சுமி. பக்கத்து வீட்டுக்காரி மத்தியானம் ஒருமுறை எட்டிப் பார்ப்பாள். சாயங்காலம் ஆறரைக்குத் திரும்பி வரும்வரை அந்தப் பிள்ளைக்கு ஓட்டுக் கூரைதான் துணை. இதைக் கேட்ட நாளிலிருந்து பொன்னுத்தங்கம் காலை ஏழு மணிக்கே அறையைத் திறந்தாள். வண்டி ஏறப்போகிற வழியில் வீரலட்சுமி பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போவாள், திரும்பும்போது வாங்கிக்கொள்வாள். பள்ளிக்கூட விதியில் இதற்கு இடமில்லை. புகழேந்தி சாரும் கண்டுகொள்ளவில்லை. நல்ல மனுஷன், என்ன, கொஞ்சம் பயந்தவர்.

இசைவாணிக்கு ஊட்டுவதுதான் பெரும்பாடு. பிள்ளையை மடியில் மல்லாக்கப் போட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, கஞ்சியை ஊற்றுவதுதான் அதுவரை எல்லோரும் செய்துவந்த வழி. பாதி வயிற்றுக்குப் போகும், பாதி மூச்சுக்குழலுக்குப் போகும். புரையேறி முகம் கறுத்துவிடும். கரண்டியைக் கண்டாலே பிள்ளை பல்லைக் கடித்துக்கொள்ளும். கடிக்காமல் என்ன செய்யும்? உங்களுக்கும் எனக்கும் ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் மூச்சு முட்டினால் நாம் இலையைக் கவிழ்த்துவிட்டு எழுந்துவிட மாட்டோமா?

செவ்வாயும் வெள்ளியும் விருதுநகரிலிருந்து ஸ்கூட்டியில் வருகிற பிசியோதெரபிஸ்ட் கீர்த்திகா, இருபத்தைந்து வயதுப் பெண். அவள்தான் முறையைக் காட்டினாள். நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். முகவாய் லேசாகக் கீழே இறங்கி இருக்க வேண்டும். சோறு இட்லி மாவுப் பதத்தில் இருக்க வேண்டும். தண்ணீராக எதுவும் கூடாது, தண்ணீர்கூடக் கெட்டியான கூழில் கலந்துதான். சின்னக் கரண்டியில் பாதி. தொண்டை ஏறி இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்தது. சாப்பிட்டு முடித்தும் அரைமணி நேரம் படுக்கவைக்கக் கூடாது. பிறகு முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே சளி இருந்தால் கைக்கே தெரியும், குறுகுறுவென்று.

பொன்னுத்தங்கத்துக்கு இது புதிய பாடமாகவே தோன்றவில்லை. பட்டாசு வேலையும் இதுதானே? மருந்தை அவசரப்பட்டு அழுத்தாதே, அளவுக்கு மேல் எடுக்காதே, கையில் இருப்பதை முடிக்காமல் அடுத்ததைத் தொடாதே. பதினாறு வருஷம் அவள் விரல்கள் படித்த படிப்பு அது. முதல் நாள் ஐந்து கரண்டிக்கு நாற்பது நிமிஷம் ஆனது. இரண்டாவது வாரம் பதினெட்டுக் கரண்டி. ஆடி மாதக் கடைசியில் ஒரு நாள், பருப்பும் சோறும் குழைத்த கிண்ணம் முழுவதும் காலியாகி, பிள்ளைக்கு ஒரு இருமல்கூட வரவில்லை. பொன்னுத்தங்கம் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நேராக ஐந்தாம் வகுப்புக்குள் நுழைந்தாள். வகுத்தல் கணக்கு நடந்துகொண்டிருந்தது. கிண்ணத்தைக் கவிழ்த்து புகழேந்தி சாரிடம் காட்டினாள். நாற்பது பிள்ளைகளும் என்ன ஏதென்று தெரியாமலே கைதட்டினார்கள். சார்கூடச் சேர்ந்து தட்டினார்.

அந்தச் சந்தோஷம் புரட்டாசி வரைதான் நின்றது. இசைவாணி காய்ச்சல் கண்டு, நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் எட்டு நாள் கிடந்தாள். ஏறியிருந்த எடை இறங்கிவிட்டது. நெஞ்சை நாள்தோறும் பார்த்து எழுதிவையுங்கள் என்றாள் கீர்த்திகா. பொன்னுத்தங்கம் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுத ஆரம்பித்தாள். எட்டாம் வகுப்புப் படிப்பு, எறும்பு ஊர்ந்தது போன்ற கையெழுத்து. தேதி, எத்தனை கரண்டி, முதுகில் சத்தம் உண்டா இல்லையா. கார்த்திகையில் மறுபடி ஆஸ்பத்திரி. இந்தமுறை பதினோரு நாள்.

அரையாண்டுப் பரீட்சை முடிந்த அன்று புகழேந்தி சார் அவளைக் கூப்பிட்டனுப்பினார். மேஜையில் ஒரு பட்டியல் கிடந்தது. பள்ளிக்கு வரமுடியாத பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் பார்க்கிற திட்டம். வாரத்துக்கு ஒருமுறை ஒரு டீச்சர் வீட்டுக்கு வந்து போவார். அதில் இசைவாணியின் பெயரைப் பென்சிலால் எழுதியிருந்தார். என் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் என்ன பதில் சொல்வேன் என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. தை மாதம் பதினைந்தாம் தேதி மருத்துவ முகாம் வருகிறது. டாக்டர் பார்த்து என்ன சொல்கிறாரோ அதன்படி செய்யலாம், அதற்குள் இன்னொருமுறை சளி கட்டினால் பென்சில் எழுத்து பேனா எழுத்தாகிவிடும் என்றார்.

வாரத்துக்கு ஒருமுறை டீச்சர் வருவார் சரி, மற்ற நாளெல்லாம்? பூட்டிய வீடும் பழைய சேலையும்தான். பொன்னுத்தங்கத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வந்த ஆத்திரத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் முதலில் தன்மேலேயே காட்டிக்கொண்டாள். கரண்டிகளைக் கொதிக்கவைத்தாள். தரையை இரண்டு வேளை கழுவினாள். சத்துணவுக் கூடத்துக்குப் போய்ப் பருப்பில் தண்ணீர் ஊற்றுகிறீர்களா என்று சண்டை பிடித்தாள். தண்ணீர் ஊற்றாமல் பருப்பை எப்படி வேகவைப்பது என்று சமையல்காரம்மா திருப்பிக் கேட்டாள், நியாயமான கேள்விதான்.

பொங்கலுக்கு நாலு நாள் முன்னால், பிள்ளைகளை மத்தியானம் தூங்கப்போட்டுவிட்டு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சுவரில் போன வருஷத்துத் தினசரி காலண்டரின் அட்டை இன்னும் தொங்கியது. சத்தம் உண்டு என்று எழுதிய தேதிகளை ஒவ்வொன்றாக அந்த அட்டையின் பின்பக்க அட்டவணையில் பார்த்தாள். முதல் தேதி திங்கட்கிழமை. இரண்டாவதும் திங்கட்கிழமை. மூன்றாவதிலிருந்து விரலால் கோடு இழுத்துக்கொண்டே போனாள். திங்கள், திங்கள், திங்கள். செவ்வாயில் குறைகிறது, புதனில் சுத்தமாகிறது, அடுத்த திங்கள் மறுபடி குறுகுறுக்கிறது. இரண்டே இரண்டு திங்களில் மட்டும் சத்தம் இல்லை. ஒன்று தீபாவளிக்கு முன்னால் சீசன் வேகத்தில் ஞாயிறும் கம்பெனி ஓடிய வாரம். அந்த ஞாயிறு பொன்னுத்தங்கம்தான் பிள்ளையைத் தன் வீட்டில் வைத்திருந்தாள். இன்னொன்று வீரலட்சுமி ஒரு சாவு வீட்டுக்குப் போனபோது அவளிடம் விட்டுவிட்டுப் போன ஞாயிறு.

கீர்த்திகா வருவது செவ்வாயும் வெள்ளியும். திங்கட்கிழமை நெஞ்சை அவள் பார்த்ததே இல்லை. பொன்னுத்தங்கத்துக்கு எழுந்து கத்த வேண்டும்போல் இருந்தது. ஆறு பிள்ளைகள் தூங்குகின்றன. நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அறைக்குள்ளேயே ஏழெட்டுமுறை நடந்தாள். அகப்பட்டுவிட்டது! ஞாயிற்றுக்கிழமை வீட்டில் என்னவோ நடக்கிறது. அது என்னவென்று பிடித்துவிட்டால் பிள்ளை பிழைத்தது, பள்ளிக்கூடமும் பிழைத்தது.

வருகிற ஞாயிறுவரை காத்திருக்கப் பொறுமையில்லை. அன்று சாயங்காலம் கம்பெனி வண்டியிலிருந்து இறங்கிய வீரலட்சுமியைப் பள்ளிக்கூட வாசலிலேயே மடக்கினாள். முகம், கை, சேலை எல்லாம் அலுமினியப் பொடி மினுங்க நின்றாள் அவள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்கு என்ன கொடுக்கிறாய் என்று கேட்டாள் பொன்னுத்தங்கம். குழைத்த சோறு, நீங்கள் காட்டிய மாதிரிதான், உட்கார வைத்துத்தான் என்றாள் வீரலட்சுமி. உண்மைதான், அவள் பொய் சொல்கிறவள் இல்லை. காலையில்? கெட்டிக் கூழ். ராத்திரி? அதே குழைத்த சோறு. பொன்னுத்தங்கத்துக்கு நம்பிக்கை தளர்ந்துகொண்டே வந்தது. கடைசியாக, சோறு கூழ் தவிர வேறு எதுவுமே வாயில் வைப்பதில்லையா என்று கேட்டாள்.

"வேற என்னக்கா, வெல்லத் தண்ணி ஒரு டம்ளர் குடுப்பேன். அது சாப்பாடா? மருந்துல்லா" என்றாள் வீரலட்சுமி.

பட்டாசு வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான் இது. நாள் முழுக்க மூக்கு வழியாக ஏறிய மருந்துத் தூசி இறங்க வேண்டும் என்று வேலை விட்டதும் வாழைப்பழம் தின்பார்கள், மண்டவெல்லத்தைக் கடிப்பார்கள், இல்லையென்றால் தண்ணீரில் கரைத்துக் குடிப்பார்கள். இறங்குகிறதோ இல்லையோ, அந்த நம்பிக்கையில்தான் மறுநாள் வேலைக்குப் போகிறார்கள். தன் சேலைத் தூசிதான் பிள்ளையின் நெஞ்சில் போய்க் கட்டுகிறது என்று வீரலட்சுமி பயந்திருக்கிறாள். வாரம் முழுவதும் ஏறியதை ஞாயிற்றுக்கிழமை இறக்கிவிடலாம் என்று, பிள்ளையை மடியில் சாய்த்து, டம்ளர் தண்ணீரையும் துளித்துளியாக, ஒரு மணி நேரம் பாடுபட்டு உள்ளே அனுப்பியிருக்கிறாள். அத்தனையும் நுரையீரலுக்குப் போயிருக்கிறது.

பொன்னுத்தங்கத்தின் வாய் திறந்தது. வெளியே வரவிருந்த வசவு பெரியது. யார் சொல்லி இதைக் கொடுத்தாய் என்று ஆரம்பித்தாள்.

"நீங்கதானக்கா சொன்னீக. ஆடியில புள்ளைக்கு மொதமொத சளி புடிச்சப்ப, வெல்லத் தண்ணி குடு, தூசி எறங்கிரும்னீகளே."

சொல்லியிருக்கிறாள். பொன்னுத்தங்கத்துக்கு அந்த நாள் அப்படியே நினைவுக்கு வந்தது. இதே வாசல், இதே நேரம். கேட்காமலே சொன்ன யோசனை. பதினாறு வருஷம் தான் குடித்ததை, தன் மகனுக்கும் கொடுத்ததை, போகிறபோக்கில் சொல்லிவிட்டு மறந்தே போயிருக்கிறாள். தண்ணீராக எதுவும் கூடாது என்று கீர்த்திகா சொன்னதும் இதே காதில்தான் விழுந்தது, இதுவும் இதே வாயிலிருந்துதான் வந்தது. வெல்லத் தண்ணீர் தண்ணீர்தான் என்று அவளுக்கே தோன்றவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் வாயால் கெட்டது இன்னொருத்தி பெற்ற பிள்ளை.

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு பக்கம் துள்ளுகிறது. அந்தக் காரணமே நீதான் என்று இன்னொரு பக்கம் குத்துகிறது. வீரலட்சுமியிடம் கும்பிட்டுச் சொல்லியாயிற்று, இனிமேல் ஒரு சொட்டுக் கொடுக்காதே என்று. அதோடு முடிந்ததா? யாருக்கும் தெரியாது, விட்டுவிடலாம். ஆனாலும் மறுநாள் காலை பிரேயர் முடிந்ததும் புகழேந்தி சார் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் ஒப்பித்தாள். ஒன்றையும் குறைக்கவில்லை. அவர் நோட்டை வாங்கித் திங்கட்கிழமைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதேம்மா."

"தெரியலைன்னா நாளைக்கு இன்னொரு புள்ளைக்கும் இதையே சொல்லுவேன், சார்."

அவர் அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. பென்சில் எழுத்தை அழிக்கவும் இல்லை. முகாம் வரட்டும் என்றார்.

அடுத்து வந்த திங்கட்கிழமை பொன்னுத்தங்கம் இசைவாணியின் முதுகில் கை வைத்தபோது தன் மூச்சை அடக்கிக்கொண்டாள். சத்தம் இல்லை. வலப்பக்கம் வைத்தாள், இடப்பக்கம் வைத்தாள், காதையே வைத்துப் பார்த்தாள். பிள்ளையின் நெஞ்சு துடிப்பது மட்டும் கேட்டது. அதற்கடுத்த திங்களும் அப்படியே. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறினாள், பிறகு தான் மட்டும் ஏறினாள், கழித்துப் பார்த்தாள். பன்னிரண்டு கிலோ நானூறு. தனக்கும் ஒரு கிலோ கூடியிருந்தது. அதை நோட்டில் எழுதவில்லை.

முகாம் நாள் வந்தது. பள்ளி மைதானத்தில் சாமியானா, சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள், சக்கர நாற்காலிகள், அழுகை, மைக்கில் பெயர் கூப்பிடும் சத்தம். கம்பெனியில் லோடு நாள் என்றாலும் வீரலட்சுமி லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள், தேய்த்துத் தேய்த்துக் குளித்தும் நகக்கண்ணில் வெள்ளி போகவில்லை. விருதுநகரிலிருந்து வந்த குழந்தை டாக்டரம்மா இசைவாணியின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தார், வெல்லத் தண்ணீர்க் கதையைப் பொன்னுத்தங்கத்திடமே கேட்டுக்கொண்டார். புகழேந்தி சார் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பள்ளியில் ஊட்டுவது சரியாக இருக்கிறது, அதில் சந்தேகமில்லை என்றார் டாக்டரம்மா. பொன்னுத்தங்கம் நிமிர்ந்தாள். ஆனால் கெடுதல் வந்தது ஞாயிற்றுக்கிழமை, ஆகையால் ஞாயிற்றுக்கிழமைக் கையைப் பார்க்க வேண்டும், அம்மா ஊட்டிக் காட்டட்டும் என்றார்.

பொன்னுத்தங்கம் கையிலிருந்த கிண்ணத்தை இறுகப் பிடித்தாள். தான் ஊட்டினால் கண்ணை மூடிக்கொண்டு ஜெயித்துவிடலாம். இப்போது எல்லாம் வீரலட்சுமியின் கையில். கிண்ணத்தை அவளிடம் கொடுத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றாள். தன் கைகளை நம்ப முடியாமல் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

வீரலட்சுமி பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைத்தாள். முகவாயைத் தாழ்த்தினாள். முதல் கரண்டி உதட்டைத் தொட்டதும் பிள்ளை பல்லைக் கடித்தது. அவள் திணிக்கவில்லை, கரண்டியை உதட்டிலேயே வைத்துக் காத்திருந்தாள். வாய் திறந்தது. முழுங்கு தாயி என்று பொன்னுத்தங்கம் மனதுக்குள் சொன்னாள். உண்மையில் அவள் தொண்டையும் சேர்ந்து ஏறி இறங்கியது. இரண்டு. மூன்று. எட்டாவது கரண்டியில் மைக் திடீரென்று கீச்சிட்டது. பிள்ளை உடம்பெல்லாம் விறைத்துத் திடுக்கிட்டது, இருமியது, முகம் சிவந்தது.

பொன்னுத்தங்கத்தின் ஒரு கால் முன்னால் போய்விட்டது. போகாதே, போனால் கெட்டது என்று தன்னைத்தானே பிடித்து நிறுத்தினாள். வீரலட்சுமி டாக்டரைப் பார்க்கவில்லை, சாரைப் பார்க்கவில்லை. கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். பிள்ளையை முன்பக்கமாகச் சாய்த்துத் தாங்கிக்கொண்டாள். முதுகில் அடிக்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. இருமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று வந்து, தானாக ஓய்ந்தது. உள்ளங்கையை முதுகில் வைத்துப் பார்த்தாள். பிறகு ஆற அமர ஒன்பதாவது கரண்டியை எடுத்தாள்.

இருபத்து மூன்று கரண்டி. பொன்னுத்தங்கம் ஒன்று விடாமல் எண்ணினாள். கிண்ணம் காலியானபோது டாக்டரம்மா மறுபடி நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, புகழேந்தி சாரிடம், இந்தப் பிள்ளை பள்ளிக்கு வரட்டும், இவர்கள் இருவரையும் வைத்து மற்ற அம்மாக்களுக்கும் சொல்லிக்கொடுங்கள் என்றார். சார் பையில் ரப்பரைத் தேடினார். கிடைக்கவில்லை. எச்சிலைத் தொட்டுப் பென்சில் எழுத்தைத் தேய்த்ததில் தாளே கிழிந்துபோனது.

வீரலட்சுமிக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. அவள் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கரண்டி பக்கத்தில் இல்லை, யாரும் உதட்டைத் தொடவில்லை. இசைவாணி கிண்ணத்தைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், வாயைப் பெரிதாகத் திறந்தாள். திறந்த வாயை மூடவே இல்லை.

"அக்கா, இன்னுங் கேக்கா" என்றாள் வீரலட்சுமி. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "பெத்ததுலருந்து இன்னைக்குத்தான் கேக்கா."

பொன்னுத்தங்கம் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு சத்துணவுக் கூடத்துக்கு ஓடினாள்.